கோக்தால் கொடியின் கழுகு

கோக்தால் கிராமத்தில், நாடு தனியானபின் வந்த புதிய தேசியக் கொடி ஏறிய மூன்றாம் நாள் காலையில், அதிலிருந்த கழுகு துணியை விட்டுப் பறந்துபோய்க் கோதுமை வயலில் ஒரு முயலைப் பிடித்தது. பொழுது சாய்ந்ததும் திரும்பி வந்து, கொடியிலிருந்த சூரியனுக்குக் கீழே தன் இடத்தில் இறக்கையை விரித்துப் படிந்துகொண்டது. தொண்ணூற்றிரண்டாம் வருடம், ஜூன் மாதம். அந்த வாரம் ரொட்டி விலை இரண்டு தடவை ஏறியிருந்ததால் ஊரில் ரொட்டியைப் பற்றித்தான் பேச்சு.

கொடியை ஏற்றுவதும் இறக்குவதும் கிராம சபைச் செயலாளர் பாகிலாவின் வேலை. அரிவாளும் சுத்தியலும் போட்ட பழைய சிவப்புக் கொடியை மடித்து அலமாரியில் வைத்தவளும் அவள்தான். புதியதன் பொருளை அலுவலக வாசலில் நின்று ஊருக்கு எடுத்துச் சொன்னாள். நீலம் எல்லோருக்கும் பொதுவான வானம், சூரியனின் கதிர்கள் கோதுமை மணிகள், கம்பத்தோரத்துப் பொன் வேலைப்பாடு ஆட்டுக்கடாவின் கொம்பு, கழுகு விடுதலை. தலைநகரத்தில் எத்தனையோ படங்களைப் பார்த்துப் பொறுக்கியதாம். முதலில் சிவப்பாக இருந்த கொம்பைப் பிறகுதான் பொன்னாக்கினார்களாம். ஆட்டையும் கழுகையும் ஒரே துணியில் வைக்குமுன் மேய்ப்பர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சிலர் பின்னால் சொன்னார்கள்.

ஆகஸ்டில் முயல்கள் குறைந்தன. கழுகு ஆட்டுக்குட்டிகளைத் தூக்கத் தொடங்கியது. பெரும்பாலும் ஜுமாதிலின் மந்தையிலிருந்து. அவன் பாகிலாவின் கொழுந்தன். அரசுப் பண்ணை கலைந்தபோது சம்பளத்துக்குப் பதிலாக அவனுக்குக் கிடைத்தவை அந்த ஆடுகள்தான். அவன் அலுவலகத்துக்கு வந்து தொப்பியை மேசைமேல் போட்டான்.

"கழுகுன்னா விடுதலைன்னு சொன்னீங்களே மதினி, அந்த விடுதலை என் குட்டியைத் தின்னுட்டுத் திரியுது."

கணவன் வீட்டு ஆண்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லாததால் அவள் அவனை மீசைக்காரன் என்பாள். "மீசைக்காரத் தம்பி, துப்பாக்கியை மட்டும் எடுத்துராதீங்க. அது பறவை இல்ல, கொடி. சுட்டா ஜெயிலு."

"அப்போ கொடியைக் கட்டிப்போடுங்க."

அன்றிலிருந்து தன் வீட்டு இறைச்சியில் பாதியைக் கம்பத்தடியில் வைத்தாள். கழுகு அதைத் தொடவில்லை. செத்ததை அது தின்னாது.

அக்டோபரில், கொடியைப் பார்வையிட மாவட்ட அதிகாரி மறுநாள் காலை வருவதாகச் செய்தி வந்தது. அன்று நடுப்பகலில் மேட்டுப் பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. பாகிலா பேனாவை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். கழுகு தாழப் பறந்து வந்து துணியில் விழுந்தது. நீலத்தில் சிவப்பு வழிந்தது.

கொடியை இறக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல் மேசையில் விரித்தாள். துணி தொட்டால் சுட்டது, மூச்சு விட்டது. இடது இறக்கைக்குள் ஈயக்குண்டு. இடுக்கியைக் கொண்டுபோனால் அலகு பாய்ந்தது. அப்போது ஜுமாதில் கதவருகே வெறுங்கையோடு, மாவுபோல் வெளுத்த முகத்தோடு நின்றான்.

"மதினி, நான்..."

"அழுகையெல்லாம் அப்புறம். வந்து தலையைப் புடிங்க."

அவன் மேலங்கியின் கையை அதன் கண்களின் மேல் போர்த்தி அழுத்தினான். கழுகின் நகம் துணியிலிருந்து எழுந்து அவன் மணிக்கட்டில் இறங்கியது. அவன் பல்லைக் கடித்தான், பிடியை விடவில்லை.

"எடுத்துட்டீங்களா?"

"அசையாதீங்க. இன்னும் உள்ள போயிருக்கு."

"மெதுவா மதினி. அதுக்கு வலிக்குது."

குண்டு கிண்ணத்தில் 'டங்' என்று விழுந்தது. அவள் மஞ்சள் நூலால் தைத்து, குளிர்ந்த நீரில் இரத்தத்தை அலசினாள். நகம் தானாகவே விட்டது. பிறகு அவன் கையைக் கட்டிவிட்டாள்.

காலையில் மறுபடி கம்பத்தில் ஏறியிருந்த கொடியை அதிகாரி அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். "இடது இறக்கை தொங்குதே, ஏன்?"

"காத்துங்க," என்றாள் பாகிலா. அன்று காற்றே இல்லை. அவர் அவளையும், பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்றவனையும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க ஆபீஸ் கொடிக்கு நாங்க உயிர்க் கோழி வைக்கிறோம்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதற்குப்பின் கோக்தாலில் வீட்டு முறை வைத்து உயிர்க் கோழி விட்டார்கள். நாட்டின் சொந்தப் பணமாகத் தென்கே நோட்டு வந்தது, தலைநகரம் இடம் மாறியது, ஜுமாதிலின் மந்தை இரண்டு மடங்கானது. கொடி ஏறிய ஏழாம் வருடம் துணி நைந்துபோனதால் புதுக் கொடி அனுப்பினார்கள். அதை ஏற்றிய அன்றே பழைய கழுகு தொங்கும் இறக்கையோடு தத்தித் தத்திப் புதுத்துணிக்கு மாறிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே இருந்த கழுகு சற்று நகர்ந்து இடம் கொடுத்தது. வசந்தத்தில் கம்பத்தின் உச்சியில் சுள்ளிக் கூடு ஒன்று தெரிந்தது. கொடியில் கழுகு ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் மேலிடத்திலிருந்து யாராவது வரும் நாளில் ஒன்று வேட்டைக்குப் போய்விடும்.