மைக்கில் வந்த பேர்

விதைநெல் பானைக்குள் கையை விட்டபோதே அம்சவல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நெல் இறுகிக் கிடக்க வேண்டும், தளர்ந்து கிடந்தது. முழங்கை வரை விட்டுத் துழாவினாள். துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பாதிப் பணம்தான் இருந்தது.

திருடன் வந்திருந்தால் முழுவதையும் எடுத்திருப்பான். பாதியை எடுத்துவிட்டு மறுபடி முடிச்சுப் போட்டு, மேலே நெல்லை நிரவி வைக்கிற திருடன் அந்த வீட்டில் ஒருவன்தான் உண்டு. அவன் அவளுக்குத் தாலி கட்டியவன்.

அது குத்தகைப் பணம். வலங்கைமானுக்குத் தெற்கே மிராசுதார் ரெங்கசாமியின் நிலத்தில் ஐந்து மா அவள் புருஷன் இராஜாங்கத்தின் சாகுபடியில் இருந்தது. அவன் அப்பன் அதே வயலில் கூலிக்கு உழுதவர். மகன் குத்தகைதாரன் ஆனதே தெருவில் பெரிய பேச்சு. வருஷா வருஷம் களத்திலேயே மிராசுதாரின் காரியஸ்தர் வைத்தியலிங்கம் குத்தகை நெல்லை அளந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். ரசீது கேட்டால், "நமக்குள்ள என்ன ரசீது, அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். குத்தகைதாரர் பேரைச் சர்க்கார் பதிவு செய்யப்போகிறது என்று சட்டம் வந்ததும் அந்த அப்பறம் வந்தது. இரண்டு வருஷக் குத்தகை பாக்கி, நிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டார்கள். அளந்து கொடுத்ததற்குச் சாட்சி களத்து மண்தான். மாசி முடிவதற்குள் நானூறு ரூபாயைக் கட்டினால் நிலம் இவர்கள் சாகுபடியிலேயே இருக்கும், கட்டத் தவறினால் காலி செய்ய வேண்டும் என்று கோர்ட்டில் கெடு வைத்தார்கள்.

கொடுத்த நெல்லுக்கு மறுபடி பணம் கொடுக்க வேண்டும். அந்த அநியாயத்தை நினைத்தால் அவளுக்கு வயிறு எரியும். எரிந்தாலும் சேர்த்தாள். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு வந்த பணத்தில், கைமாற்று வாங்கியதைத் தீர்த்துவிட்டு மிச்சத்தைப் பானைக்குள் வைத்தாள். பற்றாததற்குப் பக்கத்து ஊர்களில் களையெடுக்கப் போனாள். தீபாவளிக்குத் துணி இல்லை. தாளிக்கிற எண்ணெயைக் கரண்டியில் எடுக்காமல் விரலால் தொட்டு விட்டாள். மகள் தமிழரசிக்குப் பாவாடையை இரண்டு தடவை கீழே பிரித்துத் தைத்தாயிற்று. இனிப் பிரிக்க மடிப்பு இல்லை. இப்படியெல்லாம் சேர்ந்த நானூறு. கெடுவுக்கு நாளை மறுநாள் கடைசி.

கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான் இராஜாங்கம். அவள் முடிச்சைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றதும் வைக்கோலை விட்டுவிட்டான்.

"எங்க வச்ச?" என்றாள்.

அவளுக்கே தெரிந்தது. நேற்று மிராசுதார் வீட்டுக் கல்யாணம்.

இராஜாங்கம் குடிக்கிறவன் இல்லை. சீட்டைத் தொடமாட்டான். உனக்கென்ன குறை என்று தெருப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவனுடைய வியாதி வேறு. விசேஷ வீட்டுப் பந்தலில் மொய் எழுதுகிறவர் பேரையும் தொகையையும் மைக்கில் படிப்பார்கள் அல்லவா, அந்தக் குழாயில் தன் பேர் வர வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டத்துக்கு நிதி, கோயில் திருவிழாவுக்கு வாணவேடிக்கை, எதுவானாலும் சரி. "தெற்குத் தெரு இராஜாங்கம் அவர்கள்" என்று குழாய் சொல்ல வேண்டும். முன்னால் படித்த தொகையைவிடத் தன் தொகை ஒரு ரூபாயாவது கூட இருக்க வேண்டும். இரண்டு ரூபாய் செய்ய வேண்டிய இடத்தில் பதினொன்று செய்வான். அடுத்த வாரம் இருபத்தொன்று. செய்து முடித்து வீட்டுக்கு வரும்போது முகம் திருவிழாப் பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு நாள் போனால் சுருங்கிவிடும். மறுபடி எங்கே பந்தல் போட்டிருக்கிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொள்வான்.

அவனுடைய அப்பனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டேய் என்பதுதான் பேர். முதல் தடவை மகன் பேர் "அவர்கள்" போட்டு மைக்கில் வந்தபோது அம்சவல்லிக்கே உடம்பு சிலிர்த்தது. அதை அவள் மறுக்கமாட்டாள். ஆனால் ஒரு சிலிர்ப்புக்கு எத்தனை படி அரிசியைக் கொட்டுவது? அவள் ஆட்டை விற்றதும், வெண்கலக் குடம் போனதும், தமிழரசி பரீட்சைப் பணம் கட்ட முடியாமல் வாத்தியாரிடம் நின்றதும் அந்தக் குழாயில் வரவில்லை.

"எவ்வளவு?" என்றாள் இப்போது.

"இருநூத்தியோரு ரூவா."

பெரிய தெருக்காரர்களே ஐம்பது, நூறுதான் எழுதுவார்கள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னதெல்லாம் இதுதான்: வைத்தியலிங்கம் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார். வாசலில் நின்று, "வாங்க இராஜாங்கம், நீங்க இல்லாம என்ன கல்யாணம்" என்றார். மிராசுதாரும் இப்போது ஆளும் கட்சிக்கு வந்துவிட்டார், பழையபடி இல்லை. பந்தலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சந்தனம் கொடுத்தார்கள். பத்து ரூபாய் எழுதத்தான் போனான். மொய் எழுதும் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும்போது மைக்கில் நூற்றைம்பத்தொன்று என்று ஒரு பேர் வந்தது. வீட்டுக்கு ஓடி வந்தான். அவள் களைக்குப் போயிருந்தாள்.

"பேசுறத நிறுத்து" என்றாள் அம்சவல்லி. "என் கழுத்துல இருக்குறதக் கழட்டியிருந்தாக்கூட நான் இவ்வளவு சொல்லமாட்டேன். நெலத்தத் தூக்கி அந்த நெலத்துக்காரனுக்கே மொய் எழுதிட்டு வந்திருக்கியேய்யா."

அவன் அழுதான். அவள் ஆறவில்லை. அழுகைக்கு இரங்குவதற்கு நேரமும் இல்லை.

அவள் நேராகப் போனது மைக்செட் அப்துல் ஹமீதிடம். சுற்றுப்பட்டு ஊர்களில் எந்தப் பந்தலிலும் மொய் படிப்பது அவர் குரல்தான். கடைத்தெருவில் தன் கொட்டகை வாசலில் குழாய்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். இனி என் புருஷன் பேரை எங்கேயும் படிக்கக்கூடாது என்று அவள் ஆரம்பித்ததும் அவர் துணியைக் கீழே வைத்தார். எழுதிக் கொடுப்பதைப் படிக்கிறவன் தான், தன்னால் என்ன செய்ய முடியும் என்று முதலில் மழுப்பினார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், நான் சொன்னதா இருக்க வேணாம். நேத்து நூத்தம்பத்தொண்ணுன்னு ஒரு பேரு படிச்சேன்ல, அப்படி யாரும் எழுதல. ராஜாங்கம் மேஜைகிட்ட வர்றப்ப படின்னு வைத்தியலிங்கம் சீட்டுக் குடுத்தாரு. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன்."

"வெளையாட்டு" என்றாள் அம்சவல்லி. குறி பார்த்து எறிந்திருக்கிறார்கள். புருஷனுடைய வியாதி ஊருக்கே தெரியும். அது எந்த நரம்பில் இருக்கிறது என்று வைத்தியலிங்கத்துக்கும் தெரியும். வெளியேற்ற வக்கீல் போதவில்லை, ஒரு நாற்காலியும் கொஞ்சம் சந்தனமும் போதும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அவளுக்குப் புருஷன்மேல் இருந்த கோபம் குறையவில்லை. அதன் பக்கத்தில் இன்னொரு கோபம் வந்து உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்து, கேட்டதை அவனிடம் சொன்னாள். பிறகு, இதுவரை எங்கெங்கே எவ்வளவு மொய் செய்தான் என்று கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை, வரிசையாகச் சொன்னான். எந்த ஊர், எந்தப் பந்தல், எவ்வளவு, எல்லாம் மைக்கில் கேட்ட வாக்கிலேயே அவன் நெஞ்சில் கிடந்தது.

"கெளம்பு. எல்லாத்தையும் திருப்பிக் கேப்போம்."

அவன் பதறினான். மொய் என்பது திரும்பி வருகிற பணம்தான். ஆனால் வீட்டில் ஒரு விசேஷம் வைத்து, அழைத்து, சோறு போட்டால் வந்து செய்வார்கள். சும்மா வாசலில் போய் நின்று செய்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்பவனை யாரும் மனுஷனாக மதிக்கமாட்டார்கள். கேட்பதைவிட நிலத்தை விட்டுவிடலாம் என்றான்.

"கேக்கப்போறது நான் இல்ல, நீதான். மைக்குல கேட்ட பேரை வாசல் வாசலா நீயே சொல்லு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அன்று மாலையும் மறுநாள் காலையும் நடந்தார்கள். முதல் வாசலில் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் வாய் திறக்கவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. "உங்க மவன் கல்யாணத்துல பதினோரு ரூவா செஞ்சேன். செய்ய வக்கில்லாம செஞ்சேன். நெலம் போவப்போவுது. குடுத்தா கோர்ட்டுல கட்டுவேன்" என்று அவன் எப்படியோ சொல்லி முடித்தபோது கண்கள் தரையிலேயே இருந்தன. சிலர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். ரெங்கம்மாள் என்கிற கிழவி, முந்தானையை அவிழ்த்தபடியே, "வாணவேடிக்கை விட்ட கையா இது" என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் கொடுத்தாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள், உயர்திரு வசூலுக்குக் கிளம்பிவிட்டார் என்று சிரித்தார்கள். காத்தான் மட்டும், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கியதை வட்டியோடு திருப்புகிறேன் என்று சொல்லி ஒரு பங்கு கூடவே வைத்தான். அந்தக் கூடுதலை இராஜாங்கம் வாங்கவில்லை. அதை அம்சவல்லி கவனித்தாள்.

எல்லாம் சேர்ந்தும் போன பணத்தில் பாதிகூட வரவில்லை. கட்சி நிதியும் வாணவேடிக்கையும் எந்த வாசலிலும் திரும்பக் கிடைக்காத பணம். மிச்சம் இருந்தது ஒரே வாசல்.

மிராசுதார் வீட்டுப் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. ரெங்கசாமி நாற்காலியில் இருந்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போன கட்சிப் பிரமுகர் ஒருவர் அன்று விசாரிக்க வந்திருந்தார். கூட நாலைந்து பேர். அம்சவல்லி அவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். இராஜாங்கம் நிற்காமல் உள்ளே நடந்தான்.

வைத்தியலிங்கம் எதிரே வந்து, என்ன விஷயம் என்று கேட்டார். அவன் விஷயத்தைச் சொன்னான். கடைசியாக, நாளைக்குக் கோர்ட்டுக் கெடு என்பதையும் சொன்னான். வைத்தியலிங்கம் எல்லோரும் கேட்கும்படி சிரித்தார்.

"முறை தெரியாத ஆளா இருக்கியே. மொய்யத் திருப்பிக் கேக்கலாமா? நீ ஒரு விசேஷம் வையி. நாங்க வந்து செய்யறோம்."

அம்சவல்லி பேச வாயெடுத்தாள். அதற்குள் இராஜாங்கம் பேசினான். குரல் உயரவில்லை.

"சரிங்கய்யா. முறைப்படியே செஞ்சிடுவோம். என் மவளுக்கு இன்னும் காது குத்தல. நாளைக் காலையில வச்சுக்கிறேன். பெரியய்யாவும் நீங்களும் எங்க தெருவுக்கு வரணும். என் வீட்டு வாசல்ல பாய் போடுறேன். உக்காந்து, இலையில சாப்புட்டு, அப்பறம் செய்யுங்க. சாப்புடாம மொய் எழுதுறதும் முறை இல்லீங்களே."

கட்சிப் பிரமுகர் ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தார். சமத்துவத்தைப் பற்றிப் பத்து நாளைக்கு முன்னால் கடைத்தெருக் கூட்டத்தில் ரெங்கசாமி பேசியதற்கு அவர்தான் தலைமை. வருகிறேன் என்று சொல்ல ரெங்கசாமிக்கு நாக்கு வரவில்லை; வரமாட்டேன் என்று சொல்லவும் இடமில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வருகிற மாதிரி எழுந்து போனார். போகிற போக்கில், "பாவம், என்னமோ கஷ்டம்போல. குடுத்தனுப்பு வைத்தியலிங்கம்" என்றார். கஷ்டம் யார் செய்தது என்று கேட்க அந்தப் பந்தலில் ஒருவருக்கும் வாய் இல்லை.

வைத்தியலிங்கம் உள்ளே போய் நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜையின் விளிம்பில் வைத்தார். இராஜாங்கம் எண்ணினான்.

"ஒரு ரூவா கொறையுதுங்க."

"அந்த ஒத்த ரூவா மங்களத்துக்கு வைக்கிறதுடா. அது திரும்பாது. எடுத்துகிட்டு போ."

வாங்க என்று வீடு தேடி வந்த வாய் கல்யாணம் முடிந்து இரண்டே நாளில் டா என்றது. அம்சவல்லிக்கு அந்த இடத்தில் இன்னும் ஒரு நிமிஷம் நிற்கப் பிடிக்கவில்லை. மற்ற வாசல்களில் வந்ததையும் சேர்த்தால் நானூறுக்கு மேலேயே ஆகிவிட்டது. அந்த ஒரு ரூபாய் இல்லாமலே கெடுவுக்குக் கட்டிவிடலாம். போய்த் தொலையட்டும் என்று அவன் கையைத் தொட்டாள்.

"இரு அம்சா" என்றான் அவன். முந்தாநாள் வரை ஒரு ரூபாயைக் கூட்டி எழுதவே பந்தல் பந்தலாக அலைந்தவன், மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். "எங்கிட்ட இனிமே மங்களத்துக்குப் பணம் இல்லீங்க. ஒரு ரூவா குடுத்தீங்கன்னா நாங்க போயிடுவோம்."

நாற்காலியை விட்டு எழுந்திரு என்று சொல்ல வைத்தியலிங்கத்தின் உதடு திறந்தது. பிரமுகர் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வைத்தியலிங்கம் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து நீட்டினார்.

மறுநாள் கோர்ட்டு ஆபீசில் பணத்தைக் கட்டினார்கள். இந்தத் தடவை ரசீதை அம்சவல்லி கையை நீட்டி வாங்கினாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன், அடுத்த வாரம் மருவத்தூரில் சொந்தக்காரர் வீட்டில் கல்யாணம் இருக்கிறது, போகாமல் இருப்பதே நல்லது, போனால் கை நிற்காது என்று தானே சொன்னான்.

"போவோம். நான் வர்றேன். ரெண்டு ரூவா நான் எழுதுறேன், நீ பந்தலுக்கு வெளிய நில்லு" என்றாள்.

அவன் சரி என்றான். அவளுக்குக் கோபம் ஆறவில்லை. கொடுத்த நெல்லுக்கு இரண்டாம் தடவை பணம் கட்டிவிட்டு வருகிறவளுக்கு அது ஆறவும் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். குறுவை அறுத்ததும் வைத்தியலிங்கம் மறுபடி களத்துக்கு வருவார். நெல் அளக்கிற மரக்காலைத் தொடுவதற்கு முன்னால் ரசீதை எழுதச் சொல்ல வேண்டும்.