உள்ளூர் விலை

பெரியவன் கஞ்சன் அல்லன். கஞ்சனுக்குத் தன் பணத்தின் மீதாவது ஒரு மரியாதை உண்டு. பெரியவனோ வெளிநாட்டில் இரண்டு காரும் மூன்று குளியலறை கொண்ட வீடும் வைத்துக்கொண்டு தாராளமாகச் செலவு செய்பவன். அவனால் பொறுத்துக்கொள்ள முடியாதது ஒன்றே ஒன்றுதான். தான் வாங்கிய பொருளை வேறொருவர் தன்னைவிடக் குறைந்த விலையில் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால், அன்று இரவு அவனுக்குச் சோறு இறங்காது.

அவனுடைய அப்பா ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. தங்கை, வீட்டில் அழைப்பதுபோல் சொன்னால் சின்னவள், ஒரு பல் லேபில் வேலை செய்கிறாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பற்களை வரிசையாகப் பதித்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவது அவள் தொழில். தகப்பனும் மகளும் இரண்டு அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு கணினி. அதில் அப்பா நான்கு ஆண்டுகளாக ஒரு ரயில் பாதை கட்டிக்கொண்டிருந்தார்.

அது ஒரு விளையாட்டு. மலையைக் குடைந்து, ஆற்றின் மேல் பாலம் போட்டு, நிலையம் கட்டி, வண்டிகளுக்கு நேரம் குறித்து ஓட்ட வேண்டும். அப்பா அதை விளையாட்டு என்று ஒருநாளும் சொன்னதில்லை. காலையில் குளித்து, சட்டைப் பொத்தானை மேல்வரை போட்ட பிறகே அதன் முன் உட்காருவார். காலமான மனைவிக்காக அம்மா சந்திப்பு கட்டினார். மகனுக்காக ஆறு நடைமேடையும் கண்ணாடிக் கூரையுமாகப் பெரியவன் சந்திப்பு கட்டினார். அதில் ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. ஆனாலும் எல்லா விரைவு வண்டிகளும் அங்கே நின்றன. மகளுக்கு ஒரு சின்னவள் நிறுத்தம் இருந்தது. சரக்கு வண்டிகள் நிற்கும் இடம், கூரை கிடையாது. கணினியும் விளையாட்டும் மின்சாரமும் அவள் சம்பளத்தில் வந்தவை. அவள் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. திறக்காதது அவள் குற்றம்.

அந்த விளையாட்டை விற்ற கடை, இணையத்தில் உலகம் முழுவதற்குமான கடை. வெளிநாட்டில் விற்ற விலையில் நாலில் ஒரு பங்குக்கு இங்கே விற்றது. இதைத் தருமம் என்று எண்ணிவிட வேண்டாம். முழு விலை சொன்னால் இங்கே ஒருவரும் வாங்க மாட்டார்கள் என்பது கடைக்குத் தெரியும். அவ்வளவுதான். நாலில் ஒரு பங்கே சின்னவளுக்கு மூன்று நாள் கூலி.

பேச்சுவாக்கில் ஒருமுறை அந்த விலையைப் பெரியவனிடம் சொல்லிவிட்டாள்.

"என்னது? திரும்பச் சொல்லு. இங்க அதுக்கு எவ்வளவு வாங்குறான் தெரியுமா? பகல் கொள்ளை."

"உனக்கு அங்கத்துச் சம்பளம்தானே அண்ணா."

"சம்பளம் வேற, நியாயம் வேற. ஒரு பொருளுக்கு உலகம் முழுக்க ஒரே விலைதான் இருக்கணும்."

"சரி, அப்ப அந்த ஒரே விலைக்கு அங்கயே வாங்கிக்கோ."

"நீ முதல்ல உன் விலைக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு. நியாயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

கடையில் பரிசாக வாங்கி அனுப்பும் வசதி இருந்தது. உள்ளூர் வங்கி அட்டை இருந்தால் போதும். சின்னவள் தயங்கினாள். அப்பாதான் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேக்குறான்ல, குடும்மா. நம்மகிட்ட கேக்குறதுக்கும் அவனுக்கு ஒண்ணு இருக்கு பாரு."

இருபது ஆண்டுகளாகப் பெரியவன் வீட்டுக்குக் கொடுப்பவனாகவே இருந்தான். பாதி தீர்ந்த வாசனைத் திரவியம், அவன் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகள், ரிமோட் தொலைந்த ஒரு டிவிப் பெட்டி. கொடுத்ததைவிடக் கொடுத்தேன் என்று சொன்னது அதிகம். அப்படிப்பட்டவன் முதல் முறையாகக் கை நீட்டியபோது, தகப்பனுக்கும் மகளுக்கும் அது ஒரு பதவி உயர்வுபோல் இருந்தது. இத்தகைய பெருமைதான் ஏமாளிகளை உருவாக்குகிறது.

அட்டையின் விவரங்களை அவள் அனுப்பி வைத்தாள். அதன் பிறகு வாரத்தில் சில நாள் லேபில் தொலைபேசி ஒலிக்கும். கையெல்லாம் பிளாஸ்டர். தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரியிடம், "அக்கா, என் பையில இருக்கிற இன்னொரு போன்ல ஓடிபி வந்திருக்கும், கொஞ்சம் படிங்களேன்" என்பாள். பக்கத்து மேசைக்காரி ஆறு எண்களையும் படிப்பாள்.

"அண்ணனா?"

"ஆமாக்கா. பிள்ளைங்களுக்காம்."

"ரெண்டு பிள்ளைங்கன்னு சொன்ன. இத்தனை விளையாட்டையும் எப்ப விளையாடுதுங்க? பள்ளிக்கூடம் போறதில்லையா?"

சின்னவள் சிரித்துக்கொள்வாள். பெரியவன் ஒவ்வொரு மாதமும் வாங்கியதற்கான தொகையைச் சரியாக அனுப்பிவிடுவான். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. நாணயமானவன் என்று பெயர் எடுக்க அதுவே போதும்.

பிறகு கடை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ரயில் விளையாட்டின் பழைய பதிப்பு மாதக் கடைசியோடு நின்றுவிடும். புதிய பதிப்பை வாங்குவோர் தாங்கள் கட்டிய பாதைகளை அதற்குள் கொண்டுபோகலாம். வாங்காதோரின் பாதைகள் அழிக்கப்படும். உள்ளூர் விலையும் அதிலேயே போட்டிருந்தது. சின்னவள் அந்தத் தொகையை முன்கூட்டியே எடுத்து வைத்தாள். அப்பா புதிய பதிப்பில் மின்சார எஞ்சின் வருகிறது என்று படித்துவிட்டு, எந்தத் தடத்துக்கு முதலில் கம்பி இழுப்பது என்று மூன்று வேளையும் யோசித்தார்.

விற்பனை தொடங்கிய காலையில் விலை மாறியிருந்தது. 'ஒரே உலகம், ஒரே விலை' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே ஒரு விளக்கம்: இப்பகுதியில் வாங்கப்பட்ட விளையாட்டுப் பிரதிகளில் பெரும்பகுதி இப்பகுதிக்கு வெளியே பயன்படுத்தப்படுவது கண்டறியப்பட்டதால் பகுதி விலை விலக்கிக்கொள்ளப்படுகிறது; இனி நாடு விட்டு நாடு பரிசு அனுப்புதலும் நிறுத்தப்படுகிறது. இத்தனை வினைச்சொற்களில் ஒன்றிலாவது செய்தவர் யாரென்று இல்லை. வெளிநாட்டு விலையை நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி, வந்த விடையை அதற்கு அடுத்த அழகான முழு எண்ணுக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அதனால் பெரியவன் ஊரைவிட இங்கே சற்றுக் கூடுதலாகவே ஆகிவிட்டது. விலையைப் பெருக்கத் தெரிந்த அந்தக் கணக்குப் புலிகளுள் ஒருவருக்கும், சம்பளத்தையும் அதே விகிதத்தால் பெருக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. சின்னவளுக்கு அது அரை மாதச் சம்பளம்.

அவள் கடைக்கு எழுதினாள். முன்பு போட்ட விலையை நம்பிக் காத்திருந்ததையும், தகப்பனின் நான்காண்டு உழைப்பையும் நான்கே வரிகளில் ஒழுங்காக எழுதினாள். பதில் உடனே வந்தது. அவளுடைய உணர்வுகளை மதிப்பதாகவும், இந்த உரையாடலுக்கு ஐந்து நட்சத்திரம் வழங்கினால் மகிழ்வதாகவும் அது சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வீடியோவில் அழைத்தாள். அப்பா பக்கத்தில் இருந்தார். பெரியவன் தன் வீட்டுப் புல்தரையில் அலுவலக நண்பர்களோடு இருந்தான். அவள் பேசத் தொடங்குமுன் தொப்பி போட்ட ஒருவர் திரைக்குள் தலையை நீட்டினார்.

"இவங்கதான் தங்கச்சியா? வணக்கம்மா. எங்க ஆபீஸே உங்க பேரைச் சொல்லித்தான் விளையாடுது. என் மச்சானுக்கும் ரெண்டு வேணும், மறந்துடாதீங்க."

பெரியவன் அவரை மெல்ல விலக்கினான். கொஞ்சமும் முகம் மாறவில்லை.

"எத்தனை பேருக்கு வாங்கின அண்ணா?"

"ஒரு நாப்பது பேர் இருக்கும். காசு பார்க்கல, தப்பா நினைக்காதே. ஆளுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு வாங்கிக் குடுப்பாங்க, அவ்வளவுதான்."

"விலையை ஏத்திட்டாங்க."

"பார்த்தேனே. அக்கிரமம். எவனோ நாலு பேர் தப்பாப் பயன்படுத்தினான்னு மொத்தப் பேரையும் தண்டிக்கிறதா? நீ ஒரு புகார் எழுது."

"அப்பா பாதை மாசக் கடைசியில போயிடும்."

"அட, அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிறே? பரிசா அனுப்பத்தான் முடியாது. நான் இங்க என் கணக்குல வாங்கிக்கிறேன், பாதையை என் பேருக்கு மாத்திடுவோம். அப்பா வேணும்னா அதுல ஓட்டிக்கட்டும்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினான். "அது இருக்கட்டும். உங்களுக்கு வடக்கே இருக்கே அந்தச் சின்ன நாடு, அங்க இன்னும் பழைய விலைதானாம். உனக்குத் தெரிஞ்சவங்க யாராவது அங்க இருக்காங்களா?"

அப்பா மகளின் கையிலிருந்து போனை வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே சொன்னார்.

"டிக்கெட் இல்லாம முதல் வகுப்புல ஏறுவான் பாரு, ஃபேன் சுத்தலைன்னு முதல் புகார் அவன்தான் எழுதுவான்."

"என்னப்பா சொல்றீங்க? சரியா கேக்கல."

"உனக்குக் கேக்காது."

அழைப்பு முடிந்ததும் சின்னவள் தன் அட்டையை எடுத்துக் கணினியின் முன் உட்கார்ந்தாள்.

"வாங்கிடுறேன்ப்பா. அரை மாசம்தானே, எப்படியோ சமாளிச்சுக்கலாம்."

"வேண்டாம்."

"நாலு வருஷம்ப்பா."

"அதான் வேண்டாங்குறேன். அவன் நாப்பது சாப்பாடு சாப்பிட்டுட்டுக் கையைக் கழுவிட்டான். பில்லை நீ கட்டப் போறியா?"

அவள் பொத்தானை அழுத்தாமல் எழுந்து, வங்கிக்குப் பேசி அந்த அட்டையை முடக்கச் சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போனாள். அப்பா சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் லேபிலிருந்து திரும்பி அவள் கைகழுவிக்கொண்டிருந்தபோது பெரியவனே வீடியோவில் அழைத்தான். அட்டை வேலை செய்யவில்லை என்பது அவன் புகார். ஈரக்கையோடு போனை எடுத்தவள், அதைக் கணினித் திரைக்கு நேராகத் திருப்பினாள். பச்சை வயலுக்கு நடுவே தண்டவாளம் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"அப்பா, என் ஸ்டேஷன் எங்கப்பா?" என்றான் பெரியவன்.

"மூடியாச்சு."

"ஏன்? அவ்வளவு பெருசாக் கட்டியிருந்தீங்களே."

"ஏறுறவன் எவனும் இல்ல. இறங்கிச் சாப்பிட்டுட்டுப் போறவனுக்காக வண்டியை நிறுத்தி வெக்க முடியாது."

"விளையாட்டுதானேப்பா, இதுக்குப் போய்..."

"விளையாட்டுதான்."

பெரியவன் அதற்குமேல் தகப்பனிடம் வாதாடவில்லை. அவனுக்கு வேறு அவசரம் இருந்தது.

"சின்னவளே, வடக்கே யாராவது கிடைச்சாங்களா?"

"கை ஈரமா இருக்குண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் அழைப்பைத் துண்டித்தாள். துண்டைத் தேடி எடுத்து, விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே திரைக்கு அருகில் வந்து குனிந்தாள். சின்னவள் நிறுத்தத்தின் மேல் கண்ணாடிக் கூரை ஒன்று ஏறியிருந்தது. அதன் கீழே ஒரு விரைவு வண்டி நின்றுகொண்டிருந்தது.

"இது எப்பப்பா?"

"திங்கக்கிழமை. முன்னாடியே போட்டிருக்கணும்."

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள்கள் இருந்தன. அந்த நாள்களில் ஒரு வண்டிகூடக் கால அட்டவணை தவறவில்லை. பெரியவன் சந்திப்பு இருந்த இடத்தை எல்லா வண்டிகளும் வேகம் குறைக்காமல் கடந்துபோயின.