பாலத்தில் நின்ற சுண்டெலி

வீட்டுக்கு வழி தெரியாமல் போன சுண்டெலியின் கதைக்கு, அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பீங்கான் பொம்மைகள் விற்றார்கள். குழாய் ரிப்பேர்காரர் மகளுக்காக அவற்றைத் தேடித் தேடி வாங்கினார். படுக்கும்போது மனைவி ஓர் அத்தியாயம் படித்துக்காட்டுவாள். விடிந்ததும் அப்பாவும் மகளும் அந்தப் பொம்மையைத் தோட்டத்துப் பாதையில் வைப்பார்கள். கதையில் சுண்டெலி ஒரு பாலம் வரை வந்திருந்தபோது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் இருவர் மட்டும்தான் திரும்பினார்கள்.

மிச்சப் பொம்மைகள் பெட்டியோடு பரணில் கிடந்தன. மழையில் நனைந்து நனைந்து பாலத்துச் சுண்டெலியின் மூக்கில் பாசி பிடித்துவிட்டது. தினமும் அதைத் தாண்டித்தான் அவர் வேலைக்குப் போனார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் மனுஷனுக்குக் கண் மண் தெரியாது. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் இறக்கி, வாசற்படி வரை வரிசையாக வைத்தார். கடைசிச் சுண்டெலி தன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

பையோடு வந்தவள் கேட்டிலேயே நின்றுவிட்டாள்.

"யாரைக் கேட்டு வச்சீங்க?"

"எத்தனை நாளைக்கும்மா அது பாலத்துலயே நிக்கும்? அதுவாவது வீடு வந்து சேரட்டுமேன்னு..."

"அடுத்து என்னாகும்னு அன்னைக்கு நச்சரிச்சுக்கிட்டே இருந்தா. தூங்குடி, நாளைக்குச் சொல்றேன்னு விளக்க அணைச்சேன்." அவள் குரல் உடைந்தது. "அவளுக்குத் தெரியாத முடிவு எனக்கு எதுக்குங்க?"

அவர் குனிந்தார். கதவைத் தட்டிக்கொண்டிருந்ததைத்தான் முதலில் எடுத்தார்.