குறை கேட்கும் நாள்

கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகும் பாதையில், சரிவில் மூன்று படிகளாக அந்த இல்லம் இருந்தது. ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களுக்காக ஓர் அறக்கட்டளை நடத்தியது. மேல் வரிசையில் தனித்தனி ஓட்டு வீடுகள். அங்கிருப்பவர்கள் தாங்களே சமைத்து, தாங்களே வெந்நீர் போட்டுக்கொள்ள வேண்டும். நடு வரிசைக்குச் சாப்பாடு வந்துவிடும். கீழ் வீட்டில் படுக்கையோடு இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆயாக்கள் இருந்தார்கள்.

முடியாதவர்களை ஏன் சரிவின் அடியில் வைத்தார்கள் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். விறகு லாரி கீழ்ச் சாலை வரைக்கும்தான் வரும். அதனால் பெரிய கொதிகலன் அங்கே இருந்தது. வெந்நீர் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்கள் அதன் பக்கத்தில். மேலே தண்ணீர் வரும் ஊற்று, கீழே நெருப்பு. மனிதர்கள் வயதுக்கும் நோய்க்கும் தக்கபடி ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அதை அங்கே 'இறங்குவது' என்றார்கள். இறங்கியவர் யாரும் திரும்ப ஏறியதில்லை.

யார் இறங்க வேண்டும் என்பதை டாக்டர் ஞானவேல் முடிவு செய்வார். மாதம் ஒரு முறை வீடு வீடாக வருவார். குடியிருப்பவர் வாசலில் விறைப்பாக நிற்பார். "குறை ஏதும் உண்டா?" என்று டாக்டர் கேட்பார். உண்டு என்றால் உட்கார்ந்து விசாரிப்பார், இல்லை என்றால் அடுத்த வீடு.

மேல் வரிசையின் கடைசி வீட்டில் இருந்த சுப்புராஜ் ஒவ்வொரு மாதமும் இல்லை என்றுதான் சொன்னார். சுரங்கமும் பாலமும் போடும் படையில் ஹவில்தாராக இருந்தவர். ஆய்வுக்கு வரும் அதிகாரியிடம் ஒருவன் குறை சொன்னால் அது அவன் குழு முழுவதற்கும் தலைகுனிவு என்று எத்தனையோ இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். கேள்வி காதில் விழுந்ததுமே பதில் வாயில் வந்துவிடும். நடுவில் யோசிக்க இடமில்லை.

அவர் மனைவி குப்பம்மாள், கிளாவரைப் பக்கம் பூண்டு விவசாயம் செய்த குடும்பத்துப் பெண். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது காலும் அவளைத் தாங்காது. கனமான உடம்பு. அவளைத் தூக்க சுப்புராஜ் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். அவளுக்கு அடியில் கித்தான் துணி, அதன் நான்கு மூலையிலும் கயிறு. உத்தரத்தில் ஒரு கப்பி, கயிறுகள் சேரும் இடத்தில் இன்னொரு கப்பி. ஒரு கப்பி மட்டும் இருந்தால் இழுக்கும் திசைதான் மாறும். இரண்டாவது கப்பி மேலும் கீழும் நகர்ந்தால் பாரம் பாதியாகும். அந்தப் பாதியைத்தான் அவருடைய முதுகு இத்தனை காலம் தாங்கியது.

ஆய்வு நாளன்று மட்டும் அவர் விடியும் முன்பே கப்பிகளைக் கழற்றிவிடுவார். உத்தரத்தில் எதுவும் தொங்கக் கூடாது. வாளி, ஈரத்துணி எல்லாம் பின்கட்டுக்குப் போகும். வாசல் கற்களுக்குச் சுண்ணாம்பு. குப்பம்மாளைக் கையாலேயே தூக்கி நாற்காலியில் வைத்து, சாயாமலிருக்கத் தன் பட்டாளத்து பெல்ட்டால் நாற்காலி முதுகோடு கட்டி, மேலே கம்பளியை இழுத்துவிடுவார். டாக்டர் வந்து பார்க்கும்போது அங்கே பார்ப்பதற்கு எதுவுமே இருக்காது. போன மாதம் டாக்டர் போனபின் அவளைக் கட்டிலுக்குத் தூக்கும்போது இருவருமே விழுந்தார்கள். பக்கத்து வீட்டுத் திருமலைச்சாமி தற்செயலாக எட்டிப் பார்க்கும் வரை தரையிலேயே கிடந்தார்கள்.

இந்த மாத ஆய்வுக்கு முந்தின நாள் குப்பம்மாள் சொன்னாள். "நாளைக்கு அந்தக் கயித்தக் கழத்தாதீங்க. டாக்டர் பாக்கட்டும்."

"உத்தரத்துல கயிறு தொங்குனா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க?"

"தூக்கு மாட்டிக்கப் போறீங்கன்னு நெனப்பாங்க. அப்பவாச்சும் என்ன ஏதுன்னு கேப்பாங்கல்ல."

அவர் சிரிக்கவில்லை. கீழ் வீட்டில் நோயாளிக்கு மட்டும்தான் இடம், அவள் போனால் தனியாகத்தான் போக வேண்டும். மாலையில் பார்வை நேரம் முடிந்து மணி அடிக்கும் வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் மேலே வந்துவிட வேண்டும். அது இருவருக்கும் தெரியும். இன்னொரு முறை விழுந்தால் யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று நம்ப முடியாது என்பதும் தெரியும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றார். அடுப்படியில் அவர் முணுமுணுத்துச் சொல்லிப் பார்ப்பது அவளுக்குக் கேட்டது.

ஆனால் காலையில் விழித்ததும் தொங்கும் கயிற்றை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கழற்றினார். கற்களுக்குச் சுண்ணாம்பும் அடித்தார். குப்பம்மாளை நாற்காலியில் தூக்கி வைத்து பெல்ட்டைக் கட்டினார்.

டாக்டர் கீழ் வீட்டு ஆயா காளியாயியோடு வந்தார். மலையில் மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்ததால் அவசரத்தில் இருந்தார். மடித்த கம்பளிகளைப் பார்த்து, மற்றவர்களுக்கு இந்த வீடுதான் மாதிரி என்று பாராட்டினார். பிறகு கேட்டார்.

"குறை இல்ல சார்" என்றார் சுப்புராஜ்.

டாக்டர் திரும்பினார்.

"ஐயா, சித்த நில்லுங்க" என்றாள் குப்பம்மாள். "எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாக. என்னையவும் எந்திரிக்கச் சொல்லுங்க."

"நீங்க உட்காருங்கம்மா."

"பரவால்ல, சொல்லித்தான் பாருங்களேன்."

டாக்டர் பதில் சொல்லும் முன் அவள் வலது கையைக் கம்பளிக்குள் விட்டு பெல்ட்டை அவிழ்த்துவிட்டாள். உடம்பு மெதுவாக இடது பக்கம் சரிந்தது. சுப்புராஜ் பாய்ந்து பிடித்தார். முதுகு பிடித்துக்கொண்டது. தூக்கவும் முடியாமல் விடவும் முடியாமல், அவள் தோளில் முகத்தை வைத்தபடி அப்படியே நின்றார். காளியாயி ஓடிவந்து தாங்கினாள்.

எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் கேட்டார். சுப்புராஜின் வாய் திறந்தது.

"அவருக்கு வேற சொல்லத் தெரியாதுங்க" என்றாள் குப்பம்மாள். "நாஞ் சொல்றேன். கொறை இருக்கு. அவரால முடியல."

அன்று மதியமே நாற்காலியில் இரண்டு கம்புகளைக் கட்டி அவளைக் கீழே தூக்கிப் போனார்கள். அவளுடைய சேலை மூட்டையோடு சுப்புராஜ் பின்னால் நடந்தார்.

கீழ் வீட்டில் அவளைத் துடைத்துப் படுக்க வைப்பதை அவர் சுவரோரம் நின்று பார்த்தார். காளியாயி தோளைப் பிடித்தாள், இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். இருவரும் ஒரே மூச்சில் புரட்டினார்கள். அடியில் பழைய விரிப்பைப் பாதி சுருட்டி, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் புரட்டியதும் ஒன்றை உருவி மற்றதை இழுத்துவிட்டார்கள். பேசிக்கொண்டே செய்தார்கள். இதையே அவர் தனியாகச் செய்ய ஒரு காலைப் பொழுது ஆகும்.

காளியாயி அவரை பெஞ்சில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். குப்பம்மாள் கஞ்சி குடித்து முடிப்பதற்குள் அவர் சுவரில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். மூட்டை இன்னும் மடியில் இருந்தது.

பொழுது சாய்ந்து மணி அடித்தது. வந்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். காளியாயி அவர் தோளைத் தொடப் போனாள்.

"மணி அடிச்சாச்சுங்களே, ஆத்தா."

"கெடக்கட்டும், தாயி" என்றாள் குப்பம்மாள். "நாளைக்கு அவருக்கு வெள்ளனே எந்திரிக்க ஒரு சோலியும் இல்ல."