வாசலோட நில்லு

ஆல்பத்தில் மற்ற எல்லாப் பாட்டும் முடிந்துவிட்டன. புதுப் பாட்டுகள் நினைத்ததைவிடச் சுலபமாக வந்தன. பழைய பாட்டுகளையும் கவிநிலா ஒவ்வொன்றாகத் திரும்பப் பாடிக் கொடுத்துவிட்டாள். ஒன்றை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். தொண்டை கட்டியிருக்கிறது என்பாள், வெளியே மேளச் சத்தம் கேட்கிறது என்பாள். ஸ்டுடியோ வைத்திருந்த இளம்பரிதி பொறுமைக்காரன். அவனே ஒருநாள் கேட்டுவிட்டான்.

"அந்தப் பாட்டுக்காகத்தான் ஜனங்க இந்த ஆல்பத்தையே கேக்கப் போறாங்க. அத வுட்டுட்டு என்னாக்கா பண்றது?"

அவன் சொன்னது உண்மைதான். உப்பளம் பகுதியில் மில் தொழிலாளிக்கு மகளாகப் பிறந்தவளை ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தியது 'வாசலோட நில்லு' பாட்டுதான். சென்னைக் கம்பெனி ஒன்று அதை வெளியிட்டது. இன்றைக்கும் கல்யாண வரவேற்பு என்றால் மாப்பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு அந்தப் பாட்டைப் போட்டு ஆடுகிறார்கள். வரியும் மெட்டும் அவளுடையவை. பதிவு மட்டும் கம்பெனிக்குச் சொந்தம். ஒப்பந்தக் காலம் முடிந்ததும், தன் பாட்டுகளைத் தானே மறுபடி பாடி, கூடவே புதிதாகச் சிலதும் சேர்த்து, தன் பெயரிலேயே கொண்டுவருவது என்று துணிந்திருந்தாள்.

அது காதல் பாட்டு இல்லை என்பது அவளுக்கும் அம்மா மணியம்மாளுக்கும் மட்டுமே தெரியும்.

கல்லூரியில் படித்தபோது அடுத்த தெருவில் அருள்முருகன் என்று ஒருவன் இருந்தான். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். காலையில் அவள் வெளியே வரும்போது எதிர்ச் சுவரோரம் பைக்கில் உட்கார்ந்திருப்பான். பஸ் பின்னாலேயே வருவான். சாயங்காலம் மறுபடி அதே சுவரோரம். தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கமான பிள்ளை என்று தெருவே சொன்னது. ஒருநாள் மத்தியானம் அவள் வீட்டில் தனியாக இருந்தாள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தவள் உடனே சாத்தப் போனாள். சாத்த முடியவில்லை. இடுக்கில் அவன் கால் இருந்தது. சிரித்துக்கொண்டே, பேசணும், உள்ள வரேன் என்றான். வாசலோடு நிற்கும்படியும், முகம் கழுவிக்கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டு, பின்பக்கச் சுவரேறிக் குதித்து, செருப்பில்லாமல் மாமா வீட்டுக்கு ஓடினாள். அவள் திரும்பி வந்தபோது அவன் கூடத்தில் உட்கார்ந்து, அதற்குள் வீடு வந்திருந்த அப்பாவோடு கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தான்.

சில மாதத்தில் அவன் பிரான்சுக்குப் போய்விட்டான். அதற்கப்புறம்தான் அவளால் எழுத முடிந்தது. 'வாசலோட நில்லு, வாசலோட நில்லு, நான் போற வரைக்கும் வாசலோட நில்லு' என்று மெதுவாகப் போகும் பாட்டு. கம்பெனியில் அதற்குத் துள்ளலான தாளம் போட்டார்கள். 'போற வரைக்கும்' என்பதைவிட 'வர்ற வரைக்கும்' காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒரு வார்த்தைதானே என்றார் இசை அமைத்தவர். அவளுக்கு அப்போது வயசு இருபத்துமூன்று. தலையாட்டினாள். அந்த ஒரு வார்த்தையில் பாட்டே திரும்பி நின்றுகொண்டது.

ஆல்பம் வரப்போகிறது என்று அவள் அறிவித்த அன்று மாலை, பிரான்ஸ் நம்பரிலிருந்து ஒரு செய்தி வந்தது. நம்ம பாட்டு எப்ப? அவ்வளவுதான். அந்த நம்பரைத் தடுத்தாள். மறுவாரம் வேறொரு நம்பர், இந்தமுறை இங்கத்தியது. ஊருக்கு வந்துட்டேன்.

 அதிலிருந்து கவிநிலா ஸ்கூட்டியில் போகும்போது கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போய், ஒருமுறை மீன்கூடை வைத்துக்கொண்டு போனவர்மேல் இடிக்கப் போனாள். அரியாங்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்சநாள் இரு என்றாள் மணியம்மாள். போனால் வேலை நின்றுபோகும். போலீசுக்குப் போனால் என்ன சொல்வது? பாட்டு எப்போது என்று கேட்டான் என்றா? இளம்பரிதியிடம்கூடச் சொல்லவில்லை. அவனைவிடப் பெரியவள், பாட்டுக்காரி, ஒரு செய்தியைப் பார்த்து நடுங்குகிறாள் என்று அவன் நினைத்துவிடுவானோ என்று கூச்சமாக இருந்தது.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாடிவிடுவது என்று போனாள்.

பைக் உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது ஸ்டுடியோ. உள்ளே சத்தம் புகாத சின்ன அறை, நடுவில் கண்ணாடி, அந்தப் பக்கம் இளம்பரிதியின் மேஜை. அறைக்கு ஒரே கதவு. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். இளம்பரிதி கையால் டீ குடிப்பதுபோல் காட்டிவிட்டுக் கீழே போனான். கண்ணை மூடி முதல் வரியை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிலா, நல்லா இருக்கியா?"

குரல் வெளியிலிருந்து வரவில்லை. இரண்டு காதுக்குள்ளும், மண்டைக்கு நடுவில், மூச்சுச் சத்தத்தோடு கேட்டது. கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இளம்பரிதியின் நாற்காலியில் அருள்முருகன் உட்கார்ந்திருந்தான். உள்ளே இருப்பவரோடு பேசுகிற பொத்தான்மேல் அவன் விரல் இருந்தது. முடி பாதி நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

"தம்பிதான் மேல போய் ஒக்காருங்கன்னாரு. பிரான்ஸ்லேர்ந்து வந்த ரசிகர்னு சொன்னேன். பொய்யில்லயே."

கவிநிலாவின் கை தானாகக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டது.  கத்தினால் வெளியே கேட்காது. கேட்காமல் இருப்பதற்காகவே கட்டிய அறை. வெளியே போகிற வழியில்தான் அவன் உட்கார்ந்திருந்தான். அவன் பொத்தானை அழுத்தி அழுத்திப் பேசினான். அந்த ஊர்க் குளிரைப் பற்றி, கல்யாணம் நிலைக்காததைப் பற்றி, மனசு சரியில்லாத நாளில் எல்லாம் அவள் பாட்டைப் போட்டுக் கேட்பதைப் பற்றி. தனக்காக ஒருத்தி இப்படி எழுதியிருக்கிறாளே என்பதுதான் தன்னை உயிரோடு வைத்திருந்தது என்றான். ஹெட்போனைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

இளம்பரிதி டீயோடு வந்தான். வந்தவரைச் சோபாவில் உட்காரச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துத் தயாரா என்று கேட்டான். சொல்லிவிட வாயெடுத்தாள்.  அதற்குள் இசை ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். தாளம் வேண்டாம், வெறும் குரல் போதும் என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

பாடினாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் குரல் வந்தது. மெதுவாக, முதலில் எழுதிய மாதிரியே. 'நான் போற வரைக்கும்' என்ற இடத்தில் இளம்பரிதி நிமிர்ந்து பார்த்தான். சோபாவில் இருந்தவன் எழுந்துவந்து கண்ணாடியருகே நின்றான்.

"இது அந்தப் பாட்டு இல்ல," என்றான். இளம்பரிதியின் தோளுக்குமேல் குனிந்து அவனே பொத்தானை அழுத்தினான். "பழய மாதிரி பாடு நிலா. வர்ற வரைக்கும்."

அவள் மைக்கை விட்டு அசையவில்லை.

"இளம்பரிதி, இவர வெளிய அனுப்பு. எனக்கு இவரப் பாத்தா பயமா இருக்கு."

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை. அருள்முருகன் சிரித்தபடி இளம்பரிதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தா பயம் என்கிறாள் பாருங்கள் என்று நியாயம் கேட்கிற சிரிப்பு. இளம்பரிதி ஒல்லியான ஆள். எழுந்து நின்றான். கீழே போலாம் சார் என்று இரண்டுதரம் சொன்னான். மூன்றாவதுதரம் சாரை விட்டுவிட்டான். போகும்போது அருள்முருகன் அந்த அறைக் கதவின் கைப்பிடியை ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

எதிர்ப் பக்கம் டீக்கடை வாசலில் வெகுநேரம் நின்றான். இளம்பரிதி மாடியிலிருந்து அதைப் படம் எடுத்தான். மணியம்மாளும் மாமாவும் வந்த பிறகுதான் கவிநிலா தாழ்ப்பாளைத் திறந்தாள். அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் எஸ்.ஐ.க்கு அந்தப் பாட்டு தெரிந்திருந்தது. அவருடைய கல்யாணத்திலும் போட்டார்களாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்புறம் அவனை வரவழைத்து எழுதி வாங்கினார். இனி அவள் பக்கம் போவதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பிரான்சுக்குத் திரும்பிவிட்டான் என்று சொன்னார்கள். விமானம் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

அன்று பதிவானதை வைத்துக்கொள்ள முடியவில்லை. அவள் பல்லோடு பல் அடித்துக்கொண்ட சத்தம்கூட அதில் விழுந்திருந்தது. மணியம்மாளை, அன்று அருள்முருகன் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்காரவைத்து இன்னொருநாள் பாடினாள். அவ்வளவு நன்றாக வரவில்லை. ஆல்பத்தில் இருப்பது அதுதான். நல்ல ஆட்டப் பாட்டைக் கெடுத்துவிட்டாள் என்று நிறையப் பேர் எழுதினார்கள். எனக்கும் ஒருத்தன் இருந்தான் அக்கா என்று சில பெண்கள் எழுதினார்கள். முகமில்லாத ஒரு கணக்கிலிருந்து தினமும் ஒரு இதயக் குறி வந்தது. தடுத்தாள். வேறொன்றிலிருந்து வந்தது.

ஆல்பத்துக்கான முதல் கச்சேரி கடற்கரைச் சாலைப் பக்கத்து அரங்கம் ஒன்றில். மேடையில் மட்டும் வெளிச்சம் இருப்பதுதான் வழக்கம். கூட்டத்தின்மேலும் விளக்கு எரிய வேண்டும், இல்லையென்றால் பாட மாட்டேன் என்றாள் கவிநிலா. கச்சேரி மாதிரியே இருக்காது, பள்ளிக்கூட விழா மாதிரி இருக்கும் என்று விளக்குக்காரர் முணுமுணுத்தார். ஆனாலும் எரியவிட்டார். அவள் பாடிக்கொண்டே முகங்களை வரிசை வரிசையாகப் பார்த்தாள். கடைசி வரிசைவரைக்கும் பார்த்து முடித்துவிட்டு, மறுபடி முன்வரிசையிலிருந்து ஆரம்பித்தாள்.