கஞ்சி போட்ட கராத்தே உடுப்பு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 2011இல் ஒரு சனிக்கிழமை, முட்டம் கடற்கரை ஊரில் பஸ்ஸுக்காக நின்றபோது, தேவாலயத்துப் பங்கு மண்டபத்துக்குள் பிள்ளைகள் கராத்தே பழகிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு தாய் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது. மீதியெல்லாம், டெல்பின் என்ற அவள் பெயர் உட்பட, என் கைச்சரக்கு.

2

'டெல்பினின் கணவன் மஸ்கட்டில்—'

வேண்டாம். அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் கதையும் அவன் பின்னாலேயே போய்விடும்.

'டெல்பின் கோயில் பீடத்துணிகளைத் துவைத்துக் கொடுப்பவள். (கூலிக்கு அல்ல, நேர்ச்சை.) வெள்ளைத் துணியைக் கண்டால் கஞ்சி போட்டு மொடமொடவென்று தேய்க்காமல் அவளுக்கு உறக்கம் வராது. மகள் ரெஜிஷாவின் கராத்தே உடுப்பும் வெள்ளைதானே. அதற்கும் போட்டாள்.'

இது இருக்கட்டும்.

3

ரெஜிஷா யாரையும் நிமிர்ந்து பார்க்காத பிள்ளை. கஞ்சி போட்ட உடுப்போடு முதல்முறை கையை வீசியபோது சட்டைக்கை 'டப்' என்றது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பாத்தியளா பிள்ளைகளே, குத்துன்னா இப்படிக் கேக்கணும்," என்றார் அனீஷ் மாஸ்டர்.

அன்றிலிருந்து பிள்ளை நிமிர்ந்து நடந்தாள். டெல்பின் சனிக்கிழமைதோறும் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அலை, டப், காற்று, டப். வெள்ளை உடுப்புகள் தரை தொடாமல் மிதக்கும். மகள் கலங்கரை விளக்கத்துக்கும் மேலே, மேகத்தில் கால்வைத்து— (இந்த வாக்கியம் பறக்கப் பார்க்கிறது. பிடித்து இறக்கிவிட்டேன்.)

மழையால் கஞ்சி போட முடியாத ஒரு வாரம், சட்டைக்கை வாயே திறக்கவில்லை. சத்தம் யாருடையது என்று டெல்பினுக்கு அன்றே புரிந்துபோயிற்று. மகளிடம் சொல்லப் பயந்தாள்.

4

நாளை மஞ்சள் பெல்ட் தேர்வு. நாகர்கோவிலிலிருந்து பெரிய மாஸ்டர் வருகிறார்.

முடிவு ஒன்று: கஞ்சி போடுகிறாள். பெல்ட் கிடைக்கிறது. பிள்ளை ஒரு பொய்யை இடுப்பில் கட்டிக்கொண்டு வளர்கிறாள்.

முடிவு இரண்டு: போடவில்லை. சத்தம் வரவில்லை. பிள்ளையின் தலை மறுபடியும்— இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

5

கஞ்சித்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. டெல்பின் உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரெஜிஷா பின்னால் வந்தாள். (அவளுக்கு இங்கே நான் பேச்சு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.)

"கஞ்சி வேண்டாம்மா. கழுத்தெல்லாம் ஒரசுது."

"சத்தம் வராதுல்லா மக்கா."

"தெரியும். அந்த மழை வாரத்துலயே தெரியும்."

"பெறகு ஏன் ஏட்டி சொல்லல்ல?"

"அம்மா அந்தச் சத்தத்தக் கேக்கதுக்குத்தானே வாறது. அதான் விட்டுட்டேன்."

டெல்பினுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. உடுப்பைப் பச்சைத்தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டாள்.

6

பெயரைக் கூப்பிட்டாயிற்று. துவண்ட சட்டையோடு ரெஜிஷா நடுவில் போய் நிற்கிறாள். கை இடுப்பிலிருந்து கிளம்புகிறது.

பெல்ட் கிடைத்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் பாடு. டெல்பினைக் கேட்டாலும் பயனில்லை. இத்தனை நாள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், இன்றுதான் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.