தங்கக் கணக்கும் சாம்பல் நிறக் காரும்

கார் இல்லாதவளுக்கு வங்கியிலிருந்து ஒரு கடிதம் வந்தது.

‘வாழ்த்துகள்! உங்கள் கார் நடுவழியில் நின்றுபோனால் இழுத்துவரும் சேவை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டுள்ளது.’

டோக்கன் அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவையும் படித்தாள். ஒன்பது மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், வருகிற கார்களுக்கு டோக்கன் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு கார் அவளைத் தாண்டிப் போகும். அதில் ஒன்றில்கூட அவள் உட்கார்ந்ததில்லை. அவள் வருவதும் போவதும் பஸ்ஸில். அதிலும் பாதி நாள் நின்றுகொண்டு.

வங்கி அதே கட்டடத்தின் தரைத்தளத்தில்தான் இருந்தது. மதிய இடைவேளையில் கடிதத்தோடு படியேறினாள்.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “உங்களுது தங்கக் கணக்கும்மா. கார் சேவை, வெளிநாட்டுப் பயணக் காப்பீடு, செல்போன் காப்பீடு எல்லாம் உண்டு. அதுக்குத்தான் மாசாமாசம் கட்டணம் பிடிக்கிறோம்.”

“எவ்வளவு நாளா?”

“ஆறு வருஷமா.”

மாதாமாதம் பிடித்ததை அவள் இத்தனை நாளும் ஏதோ வரி என்றே நினைத்திருந்தாள்.

“வெளிநாடா? மூட்டுவலில எங்க வீட்டு மொட்டை மாடிக்கே நான் போறதில்லம்மா!”

ஆறு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சம்பள நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. மாடிப்படிக்குக் கீழே, துடைப்பங்களும் வாளிகளும் கிடக்கிற ஊழியர் அறைக்குள் வங்கியிலிருந்து டை கட்டிய இளைஞன் ஒருவன் வந்தான். துப்புரவுப் பெண்கள், காவலாளிகள், லிஃப்ட்காரர், அக்கா என்று பதினோரு பேர் இருந்தார்கள். “பழைய கணக்கை மூடறாங்க அக்கா. இனிமே சம்பளம் இந்தக் கணக்குலதான் வரும். இங்க ஒரு கையெழுத்து போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றான். வெற்றுப் படிவத்தில் பதினோரு கையெழுத்து விழுந்தது. போகும்போது ஆளுக்கொரு கார் சாவி வளையம் வேறு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா அதில் வீட்டுச் சாவியை மாட்டிக்கொண்டாள்.

பழைய கணக்கை யாரும் மூடச் சொல்லவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. பணம் பிடிக்காத அதே சாதாக் கணக்கிலேயே சம்பளம் வந்திருக்கலாம்.

புகார் எழுதிப் போட்டாள். பதில் வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில். ‘இக்கணக்கைத் தாங்களே விரும்பிக் கேட்டுப் பெற்றதாகப் பதிவு உள்ளது.’

பிடித்த பணம்கூட ஒரு பக்கம் கிடக்கட்டும். அந்த ஒற்றை வரி அவள் தொண்டையில் முள்ளாக மாட்டிக்கொண்டது.

“கையெழுத்து உன்னுதுதானே?” என்றார் வீட்டுக்காரர். தையல் மெஷின் ரிப்பேர்காரர் அவர். எதையும் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டார். வங்கியை மட்டும் கழற்றிப் பார்க்கப் பயம்.

“கையெழுத்து என்னுது. கார் யாருது?”

“இந்தாம்மா, மலையில போய் முட்டினா நம்ம மண்டைதான் உடையும்.”

“உடையட்டுங்க. மலைக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்.”

அவளுக்குத் துணையாக நின்றவர் எதிர்ச் சாரியில் கடை வைத்திருந்த ஜெராக்ஸ் அண்ணன் மட்டும்தான். உலகத்துச் சண்டைகளெல்லாம் நகலெடுக்கப்படுவது அவர் மெஷினில்தான் என்பதால், அனுபவம் ஜாஸ்தி.

“அக்கா, சும்மா கடுதாசியா போட்டுக்கிட்டிருந்தா காகிதம்தான் செலவு. நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்தோட நகலைக் கேளுங்க. எதிராளி கையில என்ன சீட்டு இருக்குன்னு முதல்ல பார்க்கணும்.”

கேட்டாள். ‘பழைய கோப்பு, தேடணும்’ என்றார்கள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாள் சாப்பாட்டு டப்பாவோடு போய், வாடிக்கையாளர் சோபாவில் உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். பெரிய மனிதர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, ஒன்பதாம் நாள் நகல் வந்தது. கூடவே கடைசிக் கடிதமும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு மேலாளரை நேரில் பார்க்கலாம். புதிய ஆதாரம் இல்லையென்றால் புகார் அத்தோடு மூடப்படும்.

ஜெராக்ஸ் அண்ணன் நகலை உரக்கப் படித்தார்.

“வருஷத்துக்கு எத்தனை தடவை வெளிநாடு போறீங்க? ரெண்டு. அடேயப்பா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டு வந்திருக்கீங்களே அக்கா! சொந்தக் கார் இருக்கா? இருக்கு. நம்பர்கூட எழுதியிருக்கான் பாருங்க, நாலு நாலு ஒன்பது ஏழு…”

“இன்னொரு தடவை படிங்க.”

“நாலு நாலு ஒன்பது ஏழு.”

அக்கா நகலைப் பிடுங்கிப் பார்த்தாள். மற்றவர்களுக்கு அது வெறும் எண். அவளுக்கு அது முகம். மனிதர்களின் பெயரை மறப்பாள். வண்டியின் கடைசி நாலு எண்ணை மறக்கமாட்டாள். 4497 - சாம்பல் நிறம். பின்கதவில் ஆணியால் இழுத்த மாதிரி ஒரு கீறல். காலை ஒன்பது ஐந்துக்கு வரும். மூன்றாவது தூண் பக்கத்தில் நிற்கும். அதிலிருந்து இறங்குவது…

அதே டை! அன்றைய இளைஞன், இன்று வங்கியின் துணை மேலாளர்.

விஷயம் விளங்கிவிட்டது. கார் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் படிவத்தை ஏற்காது. ஒரே நாளில் அத்தனை படிவத்தையும் நிரப்பித் தள்ளுகிற அவசரத்தில் யோசிக்காமல் கைக்கு வருகிற நம்பர் எது? சொந்தக் காரின் நம்பர்தானே!

“வாங்கக்கா, இப்பவே போய் அவன் சட்டையைப் பிடிப்போம்!” ஜெராக்ஸ் அண்ணன் ஷட்டரை இழுக்கவே போய்விட்டார்.

“சும்மா இருங்க அண்ணே. இன்னைக்குச் சொன்னா வெள்ளிக்கிழமை அந்தக் கார் வராது. அந்த ஆள் என்னை மாதிரி பஸ்ல வந்து இறங்குவாரு.”

வெள்ளிக்கிழமை.

கண்ணாடி அறைக்குள் ஏ.சி. எலும்பைத் தொட்டது. போன மாதம்தான் மாற்றலாகி வந்த மேலாளர் அம்மாள் மேஜைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்தில் துணை மேலாளர், நீல டை, புன்சிரிப்பு.

“அக்கா நமக்கு ரொம்ப நாள் பழக்கம் மேடம். அவங்க சொன்னதைத்தான் நான் எழுதினேன். வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க.”

“எல்லாம் நான் சொன்னதுதானா சார்?”

“பின்ன? நானா இட்டுக்கட்டினேன்?”

“கார் நம்பரும்?”

“நீங்க சொல்லாம எனக்கு எப்படிக்கா தெரியும்?”

இதற்காகத்தான் காத்திருந்தாள். இடுப்புப் பையிலிருந்து அன்றைய டோக்கன் புத்தகத்தை எடுத்து, அடிக்கட்டையைப் புரட்டி, மேஜைமேல் படிவத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“மேடம், அந்த நம்பர் கார் இப்ப கீழே மூணாவது தூண்கிட்ட நிக்குது. காலைல ஒன்பது அஞ்சுக்கு வந்தது. டோக்கன் கிழிச்சவ நான். ஓட்டிட்டு வந்தவர் இவர்.”

டை கட்டிய கழுத்து ஒரு தடவை ஏறி இறங்கியது.

அக்கா உள்ளங்கையை விரித்து அவர் முன்னால் நீட்டினாள்.

“என் கார் சாவியைக் கொடுங்க சார்.”

“அக்கா, அது வந்து…”

“உங்க ஃபாரம்தானே சொல்லுது, அது என் கார்னு? ஆறு வருஷமா என்னைக் கேக்காம ஓட்டியிருக்கீங்க. வாடகையைக்கூட விட்டுடறேன், சாவியை மட்டும் கொடுங்க!”

மேலாளர் அம்மாள் கம்ப்யூட்டரில் அந்த எண்ணைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு காகிதத்தை அச்செடுத்து நீட்டினார். குரல் இனிப்பானது.

“அம்மா, தப்பு நடந்திருக்கு. முழுப் பணமும் வட்டியோட இன்னைக்கே உங்க கணக்குல ஏத்திடறேன். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

ஆறு வருஷம் முன்னால் அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்காவின் கை தானாகப் பேனாவைத் தேடியது. இப்போது தேடவில்லை. காகிதத்தை முதல் எழுத்திலிருந்து படித்தாள். ‘இது குறித்து வேறு எவரிடமும் பேசமாட்டேன்.’

“நானே விரும்பிக் கேட்டேன்னு ஒரு வரி எழுதினீங்களே, அதை அடிச்சுத் தருவீங்களா?”

“அதை அடிச்சா மத்தவங்களும் வந்து…” மேலாளர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மத்த பத்து பேருக்கும் இதே கார்தானா மேடம்?”

மேலாளர் காகிதத்தை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினார். துணை மேலாளர் பல்லைக் கடித்தபடி முன்னால் சாய்ந்தார். “பார்க்கிங் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க எங்க சம்மதமும் வேணும். வேலை நிலைக்கணும்னா யோசிச்சுப் பேசுங்க.”

“இந்த மிரட்டலையும் ஒரு ஃபாரத்துல எழுதிக் கொடுங்க சார். ஆனா இந்தத் தடவை நீங்களே கையெழுத்துப் போடுங்க!”

காகிதத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். கைக்கு வந்த பணத்தை விட்டுவிட்டு வெளியே வந்தாள். நடந்ததையும், திங்கட்கிழமை மறுபடி வங்கிக்குப் போகப்போவதையும் வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு, “திங்கட்கிழமை நானும் வரட்டுமா?” என்றார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வங்கி திறந்தது. கவுன்ட்டர் முன்னால் ஒரு வரிசை நின்றது. துப்புரவுப் பெண்கள், லிஃப்ட்காரர், காவலாளிகள். வங்கி வாசலில் நிற்கும் காவலாளிகூடத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவரும் பதினோரு பேரில் ஒருவர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் டோக்கன். ஒவ்வொரு டோக்கனிலும் அக்காவின் கையெழுத்தில் அதே எண். 4497. வாடிக்கையாளர் சோபாவில் தையல் மெஷின் ரிப்பேர்காரரும் ஜெராக்ஸ் அண்ணனும் சம்மணமிடாத குறையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேலாளர் அம்மாள் ஓடிவந்தார். “என்ன இதெல்லாம்?”

“காரை எடுக்க வந்திருக்கோம் மேடம்” என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. “ஓனர் பதினோரு பேர், சாவி ஒண்ணு. யாருக்குன்னு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.”

பணம் கட்ட வந்த ஒருவர் தலையை நீட்டி, “என்ன காருங்க?” என்று கேட்டார். லிஃப்ட்காரர் விலாவாரியாகச் சொல்லத் தொடங்கினார். வேறு இரண்டு பேர் பாஸ்புக்கை எடுத்துத் தங்கள் கணக்கிலும் ஏதாவது பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தபோதுதான், மேலாளர் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட உள்ளே ஓடினார்.

பன்னிரண்டரைக்குப் பதினோரு கடிதங்கள் வந்தன. முழுப் பணம், வட்டியோடு. வாயை மூடச் சொல்லும் வரி எதிலும் இல்லை. அக்கா தன் பழைய கடிதத்தையும் நீட்டினாள். மேலாளர் அம்மாள் பேனாவை எடுத்து, ‘தாங்களே விரும்பிக் கேட்டு’ என்பதை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அக்கா கீழே போய்த் தன் கூண்டில் உட்கார்ந்தாள். ஒரு மணிக்குச் சாம்பல் நிறக் கார் சரிவில் ஏறி வந்தது. ஓட்டியவர் கழுத்தில் டை இல்லை, அது பக்கத்து இருக்கையில், ஓர் அட்டைப் பெட்டியின்மேல் சுருண்டு கிடந்தது. துணை மேலாளர் கண்ணாடியை இறக்கி, அவள் முகத்தைப் பார்க்காமல் டோக்கனை நீட்டினார்.

அக்கா நேரம் குறித்துக்கொண்டாள். தடுப்புக் கட்டையைத் தூக்கினாள்.

“பார்த்துப் போங்க சார். வழியில எங்கயாவது நின்னுட்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க. இழுத்துட்டு வர்ற சேவை எங்கிட்ட இன்னும் ஒரு வருஷத்துக்கு இருக்கு!”